கம்பெனிப் படைக்கு எதிராக எந்தப் படை? நான்கு அரசுகள் எடுத்த நான்கு வழிகள்

எந்தப் படை சிறந்த படை என்று பேச ஆரம்பித்தால், ஜெயித்தது எதுவோ அதுதான் என்று பேச்சை முடித்துவிடுவது நம் வழக்கம். 18, 19ஆம் நூற்றாண்டு இந்தியப் போர்களைப் பற்றிய பேச்சில் இந்த வழக்கம் பெரிய அநியாயம் செய்திருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி கடைசியில் ஜெயித்தது. ஆகவே அதன் சிப்பாய் கட்டுக்கோப்பானவன், எதிரே நின்ற மைசூர்க்காரனும் மராட்டியனும் சீக்கியனும் ஒழுங்கு தெரியாத கூட்டம் என்று ஓர் எண்ணம் நிலைத்துவிட்டது. ஒவ்வொரு சண்டையாக எடுத்துப் பார்த்தால் இந்த எண்ணம் நிற்பதில்லை.

கதை தொடங்கியது சென்னையில். 1746 அக்டோபரில் அடையாற்றின் கரையில், சாந்தோம் பக்கம், ஆற்காட்டு நவாபின் மகன் மாபூஸ்கான் சுமார் பத்தாயிரம் பேரோடு நின்றார். எதிரே வந்த பாரடி என்ற பிரெஞ்சு அதிகாரியிடம் ஆயிரம் பேர்கூட இல்லை. அவர்களிலும் பெரும்பாலோர் பிரெஞ்சுக்காரர் பழக்கிய உள்ளூர்ச் சிப்பாய்கள். ஆற்றில் இறங்கி நடந்து கரையேறினார்கள், வரிசையாக நின்று சுட்டார்கள், மருந்து அடைத்து மறுபடி சுட்டார்கள். பீரங்கி ஒருமுறை சுட்டால் அடுத்த குண்டுக்கு நெடுநேரம் ஆகும் என்று பழகியிருந்த நவாபின் படை அந்த இடைவிடாத சூட்டில் கலைந்து ஓடியது. அன்று சுட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த மண்ணின் ஆட்கள். ஆள் மாறவில்லை, கையில் கொடுத்த துப்பாக்கியும் பயிற்சியும் மாறின.

அந்தச் செய்தி பரவிய பிறகு, படை வைத்திருந்த ஒவ்வொரு அரசரும் ஒரு முடிவு எடுக்கவேண்டி வந்தது. பழைய குதிரைப்படையை நம்பி வேகத்தில் ஓட்டுவதா? குதிரையையும் புதிய காலாட்படையையும் கலப்பதா? ஐரோப்பிய அதிகாரியைச் சம்பளத்துக்கு வைத்துப் பட்டாளம் கட்டுவதா? சொந்த ஆட்களையே அடியிலிருந்து மாற்றிப் புதுப்படை உருவாக்குவதா? நான்கையும் நான்கு அரசுகள் செய்து பார்த்தன. 1780 வாக்கில் ஓர் அரசருக்கு ஆலோசனை சொல்லும் இடத்தில் இருந்தால் எதைச் சொல்வது என்பதுதான் இங்கே கேள்வி.

வெற்றி தோல்வியை விட்டுவிட்டு வேறு மூன்று விஷயங்களைப் பார்க்கிறேன். அந்தப் படையைத் தோற்கடிக்க எதிரி எவ்வளவு உயிர் கொடுத்தான்? தலைவன் களத்தை விட்டு ஓடியபிறகும் வீரன் நின்றானா? ஒரு தோல்விக்குப் பிறகு அதே படையால் மறுபடி எழுந்து வர முடிந்ததா? முதல் இரண்டும் வீரனின் தரம். மூன்றாவது, அவனைப் பின்னாலிருந்து தாங்கிய அரசின் தரம்.

குதிரையை நம்பியவர்கள்

முதல் வழி மராட்டியருக்குக் கைவந்த வழி. நேருக்கு நேர் நிற்காதே, எதிரியின் சோற்றை அறு, தீவனத்தை எரி, அவன் களைத்தபின் வளை. இது கோழைகளின் போர்முறை என்று கம்பெனி அதிகாரிகள் எழுதிவைத்தார்கள். அடி வாங்கிய வயிற்றெரிச்சலில் எழுதியது அது.

1779 ஜனவரியில் பம்பாயிலிருந்து புனேயைப் பிடிக்கப் புறப்பட்ட படையில் வீரர்கள் சுமார் 3,900 பேர். சுமை இழுக்க வந்த மாடுகள் 19,000. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாடு நகரும் வேகத்தில்தான் படை நகரும்; மாட்டுக்குப் புல் இல்லாவிட்டால் படையே இல்லை. மராட்டியர் எதிர்வழியில் இருந்த தானியத்தையும் தீவனத்தையும் கொளுத்திக்கொண்டே பின்வாங்கினார்கள். புனேக்கு இருபது மைல் தூரத்துக்குள் வந்துவிட்ட கம்பெனிப் படை, தலேகாவில் கனமான பீரங்கிகளை ஏரியில் தள்ளிவிட்டு இரவோடு இரவாகத் திரும்பி நடந்தது. வட்காவில் வளைத்துப் பிடித்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பின்னால் கம்பெனி அந்த ஒப்பந்தத்தை மதிக்கவில்லை என்பது வேறு.

இருபத்தைந்து வருடம் கழித்து மராட்டியத் தலைவர் யஷ்வந்த்ராவ் ஹோல்கர் இதையே இன்னும் பெரிதாகச் செய்தார். 1804 ஜூலை, ஆகஸ்டில் கம்பெனியின் கர்னல் மன்சனின் ஐந்து பட்டாளங்களை ராஜபுதானத்து மழையிலும் சேற்றிலும் ஆக்ரா வரை துரத்தினார். வண்டி சேற்றில் இறங்கியது, பீரங்கி கைவிடப்பட்டது, வழிநெடுக ஆட்கள் உதிர்ந்தார்கள். ஆக்ரா போய்ச் சேர்ந்தது படையின் மிச்சம்தான்.

சரி, இவ்வளவு நல்ல வழி என்றால் ஏன் நிலைக்கவில்லை? காரணம் குதிரைக்காரனின் பிழைப்பில் இருக்கிறது. மராட்டியப் படையில் சிலேதார் என்பவன் சொந்தக் குதிரையோடு வருபவன். குதிரை செத்தால் ஈட்டுப்பணம் நிச்சயமில்லை. குதிரையோடு அவன் வேலையும் போச்சு. அப்படிப்பட்டவனைப் பீரங்கி வாய்க்கு நேராக ஓட்டு என்றால் ஓட்டமாட்டான். அது கோழைத்தனம் ஆகாது. குடும்பத்தின் மொத்த முதலையும் காலுக்கடியில் வைத்துக்கொண்டு சண்டைக்கு வந்தவனின் நியாயமான கணக்கு. அரசாங்கக் குதிரையில் ஏறிய பார்கீர் இன்னும் துணிந்து பாய்வான். ஆனால் அத்தனை குதிரைக்கும் லாயம் கட்டித் தீனி போட அரசுக்குச் செலவு தாங்காது.

அப்புறம், எரிக்கப்படும் பயிர் யாருடையது? பெரும்பாலும் சொந்தக் குடிகளுடையது. ஒரு வருடம் எரித்தால் அடுத்த வருட வரி இல்லை. ஆகவே இந்தப் போரை நீண்டகாலம் நடத்தவே முடியாது. கடைசியில் கம்பெனியும் குதிரைப்படை சேர்த்துக்கொண்டது. கம்பெனித் தளபதி லேக் இரண்டு வாரத்தில் சுமார் 350 மைல் துரத்திப்போய், 1804 நவம்பர் 17 விடியற்காலையில் பரூக்காபாத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஹோல்கரின் முகாமில் விழுந்தார். வேகமே பலம் என்று இருந்தவனை வேகத்தாலேயே பிடித்தார்கள்.

மைசூர் வழி

ஹைதர் அலி இந்தக் குறைகளைப் பார்த்துத்தான் கலப்புப் படை கட்டினார். குதிரை இருந்தது, பிரெஞ்சுக்காரர் உதவியோடு பழக்கிய காலாட்படை இருந்தது, பீரங்கி இருந்தது, இரும்புக் குழாயில் மருந்து அடைத்த ராக்கெட்டும் இருந்தது. ராக்கெட்டைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது மாடு. அமிர்த மகால் மாடுகள் என்று பின்னால் பெயர் பெற்ற அந்த இனத்தை மைசூர் அரசு மேய்ச்சல் நிலம் ஒதுக்கி வளர்த்தது. 1781இல் சிதம்பரத்தைக் காப்பாற்ற ஹைதர் இரண்டரை நாளில் நூறு மைல் வந்தார் என்று சொல்வார்கள். பீரங்கியை இழுத்தவை இந்த மாடுகள். அதே வருடத்தில் கம்பெனித் தளபதி அயர் கூட், மாடு இல்லை, அரிசி இல்லை, நகர முடியவில்லை என்று மதராஸ் கவுன்சிலோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். 1799இல் திப்பு வீழ்ந்தபிறகு கம்பெனி மைசூரிலிருந்து விடாமல் காப்பாற்றி வைத்துக்கொண்டவற்றில் இந்த மாட்டுப் பண்ணையும் ஒன்று.

இந்தப் படை என்ன செய்யும் என்பதைப் பார்க்க ஒரே ஒரு சண்டை போதும். 1780 ஆகஸ்டில் கம்பெனியின் கர்னல் பெய்லி குண்டூர்ப் பக்கமிருந்து தெற்கே வந்துகொண்டிருந்தார். காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்றோவின் பெரிய படையோடு சேர்ந்துவிட்டால் கம்பெனிக்குப் பலம் கூடிவிடும். 25ஆம் தேதி கொசஸ்தலை ஆற்றுக்கு வந்தபோது தண்ணீர் குறைவு, அன்றே கடந்திருக்கலாம். பெய்லி வடகரையில் கூடாரம் அடித்தார். இரவில் வெள்ளம் வந்தது. கடப்பதற்குப் பத்து நாள் போல ஆகிவிட்டது. செப்டம்பர் 6 பெரம்பாக்கத்தில் ஹைதரின் மகன் திப்பு வந்து தாக்கினார். அன்றைய சண்டை முடிந்தபோது இரண்டு பக்கமும் ஓய்ந்துபோய், இருவருமே உதவி கேட்டு ஆள் அனுப்பினார்கள்: திப்பு தந்தைக்கு, பெய்லி மன்றோவுக்கு.

அங்கேதான் விஷயம். மன்றோ ஆயிரம் பேர் கொண்ட ஒரு பிரிவை மட்டும் அனுப்பிவிட்டுக் காஞ்சிபுரத்தில் தன் சேமிப்புக் கிடங்கைக் காவல் காத்துக்கொண்டிருந்தார். ஹைதர் மொத்தப் படையோடும் இரவோடு இரவாக நகர்ந்து போய் மகனோடு சேர்ந்துகொண்டார். செப்டம்பர் 10 காலை புள்ளலூரில் (மகேந்திரவர்ம பல்லவன் பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிற அதே ஊர்) பெய்லியின் சுமார் 3,800 பேரும் நாலாபக்கமும் சூழப்பட்டார்கள். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. அதற்குப் பிறகும் சதுரமாக நின்று பல தாக்குதல்களைத் தாங்கினார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அந்தச் சிப்பாய்களும் சாதாரண ஆட்கள் இல்லை. முடிவில் சுமார் இருநூறு ஐரோப்பியர் கைதிகளாகினர். பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் இறந்தார். பக்சாரில் 1764இல் வென்று பெயர் வாங்கிய மன்றோ, பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டு மதராஸுக்கு ஓடினார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இந்தச் சண்டையை முழுக்க வரைந்து வைத்திருக்கிறார்கள். வெடிக்கும் மருந்து வண்டியும், நடுவில் பல்லக்கில் பெய்லியும் அதில் உண்டு.

கம்பெனி இந்தியாவில் அதுவரை வாங்கிய அடிகளில் இதுவே பெரியது. அதற்குக் காரணம் ராக்கெட் மட்டும் என்று சொன்னால் ஹைதருக்கு அது அவமரியாதை. எதிரியின் இரண்டு படைகளும் பதினைந்து மைல்கூட இடைவெளி இல்லாமல் இருக்கும்போது, நடுவில் புகுந்து ஒன்றை அழித்துவிடலாம் என்று கணித்து, கணித்ததை ஒரே இரவில் செய்துமுடிக்கிற படை அவரிடம் இருந்தது. உத்தரவு போட்டவரும் அவர், சம்பளம் கொடுத்தவரும் அவர், கணக்குப் பார்த்தவரும் அவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் ஒரு பைசா ஏமாற்ற முடியாது என்று அவரிடம் வேலை பார்த்தவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

குறையும் அங்கேயே இருக்கிறது. மன்றோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் ஹைதர் தொடர்ந்து போகாமல் ஆற்காட்டை முற்றுகையிடத் திரும்பினார். அடுத்த ஆண்டு ஜூலை 1 பரங்கிப்பேட்டையில், பிறகு சோளிங்கரில், கூட்டிடம் நேர்ச்சண்டையில் தோற்றார். திறந்த வெளியில் வரிசைக்கு வரிசை நிற்பது மைசூர்க் காலாட்படைக்கு அப்போதும் சரிப்படவில்லை. ஆனால் தோற்ற மறுவாரமே அந்தப் படை பழையபடி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் குதிரை கூட்டின் மாடுகளை விட்டுவைக்கவில்லை. 1782 பிப்ரவரியில் கொள்ளிடக் கரையில் திப்பு பிரைத்வெயிட்டின் படையை முழுதாகப் பிடித்தார். அந்த வருடம் டிசம்பரில் ஹைதர் இறந்தபோதும் படை கலையவில்லை. தலைவன் செத்தவுடன் படை சிதறுவது சாதாரணமாக இருந்த காலத்தில் இது பெரிய விஷயம்.

திப்பு காலத்தில் கோட்டைக்கும் காலாட்படைக்கும் கவனம் கூடி, குதிரைக்குக் குறைந்தது. என் பார்வையில் இது தவறான திருப்பம். 1791 மே மாதம் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகில் வரை வந்து, மாடுகள் செத்து விழ, முற்றுகைப் பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பவேண்டியதாயிற்று. அந்தப் பின்வாங்கலில் பழைய ஹைதரின் குதிரை இருந்திருந்தால் இன்னொரு புள்ளலூர் நடந்திருக்கலாம். அதற்குள் மராட்டியப் படைகள் தங்கள் நடமாடும் சந்தையோடு வந்து சேர்ந்து கம்பெனிக்காரர்களுக்குச் சோறு விற்றுக் காப்பாற்றின. மைசூரை வீழ்த்தியது கம்பெனி தனியாக இல்லை. ஹைதராபாத் நிஜாமும் மராட்டியரின் பேஷ்வாவும் கூட நின்றார்கள். இதைச் சொல்லாமல் மைசூர்ப் படையை எடைபோடவே கூடாது.

சிந்தியாவின் பட்டாளங்கள்

மூன்றாவது வழி பார்க்க மிகச் சுலபமானது. பயிற்சி தெரிந்த ஐரோப்பியனை வேலைக்கு வைத்துவிடு. மராட்டியத் தலைவர் மகாதாஜி சிந்தியா 1784 வாக்கில் வைத்த ஆள் பெனுவா டி பாய்ன். சவாய் நாட்டுக்காரர், அதற்கு முன் கம்பெனியின் மதராஸ் படையிலேயே சின்ன அதிகாரியாக இருந்தவர். இரண்டு பட்டாளத்தில் ஆரம்பித்து மூன்று பிரிகேடாக வளர்த்தார். ஆக்ராவில் சாங்ஸ்டர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பீரங்கி வார்த்துக் கொடுத்தார். 1790இல் மேர்த்தாவில் ராத்தோர் குதிரை வீரர்கள் பீரங்கி வாய் வரை பாய்ந்து வந்தும் டி பாய்னின் சதுரங்களை உடைக்க முடியாமல் செத்துக் குவிந்தார்கள்.

இந்தப் படையின் ரகசியம் பயிற்சியைவிடச் சம்பளத்தில் இருந்தது. கங்கைக்கும் யமுனைக்கும் நடுவிலான தோவாப் பகுதியில் நல்ல விளைநிலம் உள்ள மாவட்டங்களை மகாதாஜி பட்டாளச் செலவுக்கென்றே ஒதுக்கினார். வரி நேரே பட்டாளக் கஜானாவுக்குப் போனது, மாதச் சம்பளம் மாதம் தவறாமல் வந்தது. காயம் பட்டவனுக்குப் பணம் உண்டு. அவத் பக்கத்து ஆட்கள் கம்பெனியின் வங்காளப் படையிலும் சேர்ந்தார்கள், இங்கும் சேர்ந்தார்கள். ஒரே ஊர்க்காரர்கள் எதிரெதிராக நின்ற போர் அது. ஆகவே ஆள் தரத்தில் ஒப்பிட எதுவுமே இல்லை.

1803 ஆகஸ்டில் போர் வந்ததும் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி ஓர் அறிக்கை விட்டார்: சிந்தியாவை விட்டு வரும் அதிகாரிகளுக்குக் கம்பெனி பணம் கொடுக்கும். பலர் போய்விட்டார்கள். செப்டம்பர் 4 அலிகார் கோட்டை வாசலுக்குக் கம்பெனியின் தாக்குதல் பிரிவை வழிகாட்டி அழைத்துப்போனவர், சற்று முன்வரை சிந்தியாவிடம் சம்பளம் வாங்கிய லூக்கன் என்ற அதிகாரி. டி பாய்னுக்குப் பின் தலைமை ஏற்றிருந்த பெரோன் மூன்றே நாளில் லேக்கிடம் போய்ச் சேர்ந்தார்.

தலைகள் போனபிறகு உடம்பு என்ன செய்தது என்று பார்க்கலாம். செப்டம்பர் 23, அசாயி. கவர்னர் ஜெனரலின் தம்பியான கம்பெனித் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி கைத்னா ஆற்றின் இரு கரையிலும் எதிரெதிரே இரண்டு கிராமங்களைப் பார்த்து, நடுவில் கட்டாயம் கடவு இருக்கும் என்று ஊகித்து ஆற்றைக் கடந்தார். பக்கவாட்டில் அடிக்கலாம் என்பது அவர் திட்டம். சிந்தியாவின் காலாட்படையோ, ஹனோவர்க்காரரான போல்மனின் கீழ், வரிசை குலையாமல் முழுதாகத் திரும்பிப் புது முகம் காட்டி நின்றது. எதிரி கண்முன்னே வரும்போது ஆயிரக்கணக்கானோர் அப்படித் திரும்புவது எவ்வளவு கஷ்டம் என்பது அணிவகுப்புப் பழகியவர்களுக்குத் தெரியும். வெல்லெஸ்லியே அதை எதிர்பார்க்கவில்லை. சிந்தியாவும் அவரோடு சேர்ந்து நின்ற நாக்பூர் போன்ஸ்லேயும் களத்தை விட்டுப் போய்விட்டார்கள். பீரங்கிக்காரர்கள் போகவில்லை. கம்பெனி வரிசை தங்களைத் தாண்டும்வரை செத்ததுபோல் கிடந்துவிட்டு, எழுந்து பீரங்கியைத் திருப்பி முதுகில் சுட்டார்கள். வெல்லெஸ்லிக்குச் செத்தவரும் காயம்பட்டவருமாக கிட்டத்தட்ட 1,600 பேர் நஷ்டம். சண்டையில் இறங்கியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்று கணக்கிடுவார்கள். பின்னாளில் வாட்டர்லூவையும் வென்ற அவரிடம், உங்கள் மிகச் சிறந்த சண்டை எது என்று கேட்டதற்கு, ‘அசாயி’ என்று ஒரே சொல்லில் பதில் சொன்னாராம். அவருடைய வெற்றியில் மதராஸ் பட்டாளங்கள் ஐந்து இருந்தன. தமிழனும் தெலுங்கனும் அந்த மராட்டியப் பீரங்கி வரிசை மேல் நடந்து போனார்கள்.

நவம்பர் 1 லஸ்வாரியில் சிந்தியாவின் எஞ்சிய பட்டாளங்கள், ஐரோப்பிய அதிகாரிகள் யாரும் இல்லாமலே லேக்கை எதிர்த்து நின்றன. லேக்கிடம் எண்ணூறு பேருக்கு மேல் நஷ்டம். இவர்களுக்குப் பிரெஞ்சு அதிகாரிகள் இருந்திருந்தால் முடிவு என்ன ஆகியிருக்குமோ என்று அவரே எழுதினார். எனக்கு லஸ்வாரியைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கும். தளபதி விலை போய்விட்டான், அரசன் தொலைவில் இருக்கிறான், சம்பளம் இனி வருமா என்றும் தெரியாது. நின்று செத்தார்கள்.

முதல் இரண்டு அளவுகோலிலும் இந்தப் படைக்கு முழு மதிப்பெண். மூன்றாவதில் பூஜ்யம். ஆகஸ்டில் தொடங்கிய போர் டிசம்பரில் ஒப்பந்தத்தோடு முடிந்தது. அந்தப் பட்டாளங்கள் மறுபடி எழவே இல்லை. கட்டியவன் வெளியாள், கஜானாச் சாவியும் அவனிடம். அவன் போனதும் திருப்பிக் கட்ட சிந்தியாவுக்கு வழி தெரியவில்லை.

லாகூர்

லாகூரைத் தலைநகராகக் கொண்ட சீக்கிய அரசர் ரஞ்சித் சிங் இதையெல்லாம் கவனித்திருந்தார். 1809இல் அமிர்தசரஸில் ஆங்கிலத் தூதரின் சின்ன மெய்க்காவல் பிரிவு அகாலிகள் என்ற சீக்கியப் போராளிகளின் பெருங்கூட்டத்தைத் தடுத்து நிறுத்தியதை நேரில் அறிந்தவர். குதிரையிலிருந்து இறங்கி வரிசையில் நடப்பதைச் சீக்கிய வீரர்கள் ஆட்டக்காரிகளின் ஆட்டம் என்று எள்ளினார்கள். நல்ல சம்பளம் கொடுத்தும் நேரில் நின்று பார்த்தும் அவர்களை மாற்றினார். 1822இல் நெப்போலியன் படையிலிருந்து வந்த அலார்டையும் வெஞ்சுராவையும் வேலைக்கு வைத்தார், ஆனால் சிந்தியா மாதிரி மாவட்டத்தையே எழுதிக்கொடுக்கவில்லை. பயிற்சி அவர்களுடையது; பட்டாளமும் பணமும் லாகூருடையவை. பீரங்கி வார்ப்பதும் லாகூரிலேயே. கீழ் அதிகாரிகள் பஞ்சாபிகள். ஒரு வெளிநாட்டுக்காரன் போனால் அவனுடைய இடம் மட்டும்தான் காலியாகும்.

களத்தில் இதற்கு இணையான இந்தியப் படை வேறு இல்லை என்பது என் தீர்ப்பு. 1845 டிசம்பர் 21 மாலை பெரோஸ்ஷாவில் தொடங்கிய சண்டை இருட்டியும் ஓயவில்லை. கடுங்குளிரில், தண்ணீரில்லாமல், சீக்கியப் பீரங்கிக்கு அடியில் கம்பெனிப் படை இரவைக் கழித்தது. கவர்னர் ஜெனரல் ஹார்டிங் தன்னிடம் இருந்த நெப்போலியனின் வாளைப் பத்திரமாக அனுப்பிவிட்டு, தோற்றால் அரசாங்கக் காகிதங்களை எரித்துவிட உத்தரவிட்டார். மறுநாள் சீக்கியத் தளபதி தேஜ் சிங் புதுப்படையோடு வந்து நின்றபோது கம்பெனியிடம் பீரங்கி மருந்து தீர்ந்திருந்தது. தேஜ் சிங் திரும்பிப் போய்விட்டார். கம்பெனிக்கு நஷ்டம் 2,400 பேர்.

தேஜ் சிங்கும் இன்னொரு தளபதி லால் சிங்கும் எதிரியோடு தொடர்பில் இருந்தவர்கள். சண்டை முடிந்ததும் இருவரும் கம்பெனி தயவில் பதவியில் இருந்தார்கள். 1839இல் ரஞ்சித் சிங் இறந்தபிறகு தர்பாரில் கொலைமேல் கொலை. சிப்பாய்கள் பஞ்சாயத்து அமைத்துத் தாங்களே சம்பளம் பேசினார்கள். கம்பெனிச் சிப்பாய்க்கு மாதம் ஏழு ரூபாய் இருந்த காலத்தில் லாகூர்ச் சிப்பாய்க்குப் பன்னிரண்டு. தர்பார் தன் படைக்கே பயந்தது. அந்தப் படையை சட்லெஜைத் தாண்ட அனுப்பியதில் தர்பாருக்கே ஒரு கணக்கு இருந்தது என்று நம்ப நிறைய இடம் இருக்கிறது. சோப்ராவில் படகுப்பாலம் உடைந்து ஆற்றுக்கும் கம்பெனியின் துப்பாக்கி முனைக் கத்திக்கும் நடுவில் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். வெள்ளை உடுத்திக் களம் இறங்கிய கிழவர் ஷாம் சிங் அட்டாரிவாலா திரும்பவில்லை. அப்படியும் மூன்றே வருடத்தில் அதே வீரர்கள் மறுபடி ஆயுதம் எடுத்தார்கள். 1849 ஜனவரியில் சில்லியன்வாலாவில் கம்பெனி 2,300 பேருக்கு மேல் இழந்தது. லண்டன் பதறிப்போய்த் தளபதியையே மாற்ற ஆள் அனுப்பியது. அவர் வந்து சேர்வதற்குள் பஞ்சாபில் குஜராத் என்ற ஊர்க் களத்தில் நூறு பீரங்கி வைத்து கம்பெனி கணக்கை முடித்துவிட்டது.

ஒப்பிட்டால்

ஐந்தாவதாக ஒரு வழியும் உண்டு: படையே வேண்டாம், கம்பெனிப் படையை வாடகைக்கு வைத்துக்கொள். ஆற்காட்டு நவாப் முகமது அலி அப்படித்தான் கடனில் மூழ்கினார். ஹைதராபாத் நிஜாமிடம் ரேமண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் கட்டிய சுமார் 14,000 பேர் இருந்தார்கள். சம்பளப் பாக்கியால் அவர்களே அதிகாரிகள்மேல் பாய, 1798இல் கம்பெனி குண்டு செலவில்லாமல் அந்தப் படையைக் கலைத்துவிட்டுத் தன் படையை அங்கே வைத்தது. நிஜாமின் சிம்மாசனம் 1948 வரை இருந்தது. சிம்மாசனம் மட்டும் போதும் என்பவருக்கு அந்த வழி.

கம்பெனியும் ஓயாமல் ஜெயிக்கவில்லை. 1769இல் ஹைதர் பரங்கிமலைப் பக்கம் வந்து நின்று ஒப்பந்தம் எழுதவைத்தார். வட்காவ், புள்ளலூர், மன்சனின் ஓட்டம் எல்லாம் அப்புறம் நடந்தவை. 1806இல் வேலூரில் சொந்தச் சிப்பாய்களே எழுந்தார்கள். ஆனால் புள்ளலூர்ச் செய்தி கல்கத்தாவுக்குப் போனதும் கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ், தளபதி கூட்டைக் கப்பலேற்றி, கூடவே 15 லட்சம் ரூபாயும் அனுப்பினார். வங்காள வரியும் வட்டிக்கடைச் சாகுகார்களின் கடனும் அடுத்த படையைக் கட்டிக்கொடுத்தன. கம்பெனிச் சிப்பாய் எதிரியைவிட உசத்தியானவன் இல்லை. தோற்ற மறுமாதமும் சம்பளம் வந்த இடத்தில் இருந்தான்.

இதை வைத்து முடிவுக்கு வருகிறேன். வீரனின் தரத்தை மட்டும் பார்த்தால் லாகூர் முதலிடம், சிந்தியாவின் பட்டாளம் அதை ஒட்டி, மைசூர் மூன்றாவது, குதிரை வழி கடைசி. ஆனால் 1780இல் ஓர் அரசருக்கு எதைச் சொல்வது என்றால் ஹைதரின் வழியைத்தான் சொல்வேன். லாகூர்ப் படையைக் கட்ட ரஞ்சித் சிங்குக்கு இருபது வருடத்துக்கு மேல் அமைதியான எல்லை கிடைத்தது. தெற்கில் யாருக்கும் அது கிடைக்காது. சிந்தியாவின் வழி வேகமாகப் பலன் தரும், ஆனால் ஓர் அறிக்கையில் போய்விடும். ஹைதரின் படை நேர்ச்சண்டையில் தோற்றாலும் கலையாது, எதிரியின் மாட்டை அடித்தே அவனை நிறுத்தும், நான்கு போர்கள், முப்பது வருடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். கூடவே மகாதாஜி செய்ததுபோல் படைச் செலவுக்கென்று தனி மாவட்டங்களை ஒதுக்கி, அந்தக் கஜானாவைச் சொந்த அதிகாரியிடம் வைத்தால் இன்னும் பலம். குதிரையை மட்டும் குறைக்கக் கூடாது. நிஜாமோடும் பேஷ்வாவோடும் ஒரே நேரத்தில் பகைக்கவும் கூடாது. மைசூருக்கு இதுதான் எமனாக வந்தது.

சின்னப் பாளையங்களுக்கு இந்த ஆலோசனை பொருந்தாது. குதிரைக்கும் வார்ப்புக்கூடத்துக்கும் அவர்களிடம் வரி இல்லை. அவர்களுக்கு மண்சுவரே நல்ல தேர்வு. பீரங்கிக் குண்டு கல்லைப் பிளக்கும், மண்ணில் புதைந்துவிடும். 1805இல் லேக் பரத்பூரின் மண்கோட்டையை நான்கு முறை தாக்கி, 3,000 பேருக்கு மேல் இழந்து திரும்பினார். அது விழ 1826 வரை ஆயிற்று. இங்கே ஊமைத்துரை, பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிவந்து சில நாட்களுக்குள் எழுப்பிய பாஞ்சாலங்குறிச்சிச் சுவர், 1801 மார்ச் 31 தாக்குதலை முறியடித்தது. வெளியிலிருந்து கூடுதல் படையும் பெரிய பீரங்கியும் வந்து மே 24 அன்றுதான் கம்பெனியால் உள்ளே போக முடிந்தது.